சுவரோரம் நடக்கும் சொற்கள்

வளைகுடா நாடொன்றில் ரொட்டிக் கடையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், 2025ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தபோது என்னைக் காண வந்தார். நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், ஏழாண்டுகள் தங்களிடம் ஓதினேன். நஹ்வும் ஓதினேன், பலாகத்தும் ஓதினேன். ஆயினும் ஓர் எளிய அரபு வாக்கியத்தின் பொருள் தெரியாமல், ஒருநாள் கடையே என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆகிவிட்டது" என்றார்.

நடந்தது இதுதான். அக்கடையில் சிரியா நாட்டவர் சிலர் வேலை செய்கின்றனர். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்களுள் மூத்தவர் என் மாணவரின் காதருகே குனிந்து, "கத்துஹு ஹுலூ" என்றாராம். 'அவனுடைய கையெழுத்து அழகானது' என்பது அதன் நேர்ப்பொருள். மாணவர் மகிழ்ந்து போனார். நேராகப் புதியவரிடம் சென்று, "தங்கள் கையெழுத்து மிக அழகு என்று கேள்விப்பட்டேன். என் அறையில் மாட்டிவைக்க ஒரு பிஸ்மில்லாஹ் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டார். அங்கிருந்தோர் முகங்கள் வெளிறிப் போயின. புதியவர் அப்பால் சென்ற பிறகுதான் சிரிப்பு எழுந்தது. அதற்கும் பிறகுதான் விளக்கம் வந்தது. சிரியாவில் 'கையெழுத்து அழகானவன்' என்றால், அண்டை அயலார் பேசுவதை எல்லாம் எழுதி உளவுத் துறைக்கு அறிக்கை அனுப்புகிறவன் என்று பொருளாம்.

கேட்டு நானும் சிரித்தேன். அவர் சென்ற பின்னர் நெடுநேரம் சிந்தித்தேன். அச்சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

தமிழ் இலக்கணம் கற்றோர் வஞ்சப் புகழ்ச்சி அணியை அறிவர். புகழ்வது போலப் பழிப்பது அது. அரபு அணி இலக்கணத்தாரும் இதனை, புகழின் ஆடை உடுத்தி வரும் வசை என்று வகுத்துள்ளனர். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துவதைக் கினாயா என்றும், ஒருவரை நோக்கிப் பேசுவது போல வேறொருவரைக் குத்துவதைத் தஃரீள் என்றும், இருபொருள் சொல்லில் தொலைவுப் பொருளை மறைத்து வைப்பதைத் தவ்ரியா என்றும், ஏளனத்தைத் தஹக்கும் என்றும் பிரித்துப் பெயரிட்டனர். இவற்றை நாங்கள் பழங்கவிதைகளைச் சான்று காட்டிக் கற்பிக்கிறோம். ஆனால் இவற்றின் உயிருள்ள சான்றுகள் இன்று கவிஞர் அவையில் இல்லை. ரொட்டிக் கடையிலும் தேநீர்க் கடையிலும் இருக்கின்றன. வாய் திறந்து பேச இயலாத மக்கள், அணி இலக்கணம் கற்காமலேயே அதில் வல்லவர்களாகி விடுகின்றனர்.

சிரியாவில் 1963ஆம் ஆண்டு மார்ச்சில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அது நீக்கப்பட்டது 2011 ஏப்ரலில். ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துப் பேரப் பிள்ளை காணக்கூடிய காலம், நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அந்நாட்டில் ஒருவர் சிறைக்குச் சென்றுவிட்டால், 'அவர் காலா வீட்டில் இருக்கிறார்' என்பார்கள். காலா என்பவர் தாயின் உடன்பிறந்தாள். நாம் பெரியம்மா, சின்னம்மா என்று உரிமையோடு அழைப்பவர். விருந்துக்குப் போய்ச் சேர்ந்த இடம் போலச் சிறையைச் சொன்னார்கள். 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹமா நகரில் பல்லாயிரவர் கொல்லப்பட்டதைக் கூடப் பல்லாண்டுகள் 'அல் அஹ்தாஸ்', அதாவது 'நிகழ்ச்சிகள்' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்து சென்றார்கள்.

எகிப்தின் நிலையும் அதுவே. அங்கு 1952 புரட்சிக்குப் பின் வந்த ஆட்சியின் காலத்தில், நள்ளிரவு கழிந்து கதவைத் தட்டி ஆட்களைக் கொண்டு செல்லும் காவலரை 'ஸுவ்வாருல் ஃபஜ்ர்' என்றார்கள். வைகறையின் விருந்தாளிகள்! ஸியாரத் என்னும் சொல்லின் கண்ணியத்தை நாம் அறிவோம். ஃபஜ்ர் நேரத்தின் மேன்மையையும் அறிவோம். தூக்கத்தை விடத் தொழுகை மேலானது என்று பாங்கு ஒலிக்கும் அப்பொழுதில் வேறொரு கை கதவைத் தட்டியது. இரண்டு தூய சொற்களை இணைத்து, அக்கொடுமைக்குப் பெயர் சூட்டினர் மக்கள். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர் 'சூரியனுக்குப் பின்னால்' போய்விட்டார் என்றனர். பிள்ளைகளுக்குத் தந்தையர் சொன்ன அறிவுரை, 'சுவரோரமாக நட' என்பது. நடுத்தெருவில் நடப்பவன் கண்ணில் படுவான். சுவரோடு ஒட்டி நடப்பவன் தப்புவான். ஆனால் சுவருக்கும் காது உண்டு என்பது அரபியரின் பழமொழி, நம்முடையதும் கூட.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இவ்வாறு மறைத்தும் குத்தியும் பேசுவது அறமா? இது உண்மையைப் பேசுவதா, உண்மையினின்று தப்பி ஓடுவதா?

அறமே என்பார்க்கு வலிய சான்றுகள் உண்டு. தீய சொல்லை உரக்கச் சொல்வதை இறைவன் விரும்புவதில்லை என்று கூறும் திருமறையின் 4ஆம் அத்தியாயம் 148ஆம் வசனம், அவ்விடத்திலேயே அநீதி இழைக்கப்பட்டவனுக்கு விலக்கு அளித்துவிடுகிறது. அடிபட்டவனின் முனகலை நாகரிகக் குறைவு என்று கொள்ளவில்லை இறைவன். வெளிப்படையாகப் பேசினால் தன் தலை மட்டுமன்றித் தன் பிள்ளைகளின் வாழ்வும் போகும் என்ற நிலையில், ஒருவன் 'காலா வீடு' என்று சொல்லுகிறான். அச்சொல்லில் பொய் இல்லை. கேட்பவனுக்கு உண்மை போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொடுமைக்குக் கொடுமை என்றே பெயர் என்பது மறக்கப்படாமல், அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாகச் சென்று, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்னும் அறிஞரால் 'கலீலா வ திம்னா' என்ற அரபு நூலானதை நீங்கள் அறிந்திருக்கலாம். அரசனிடம் நேரே சொல்ல முடியாததைச் சிங்கத்திடமும் எருதிடமும் சொல்லி வைத்தது அந்நூல். அதனை எழுதியவரோ அதிகாரத்தின் சினத்துக்கு ஆளாகிக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அந்நூல் இன்றும் வாழ்கிறது.

இதுவரை ஏளனம் எளியவன் கையில் இருந்ததைப் பார்த்தோம். இதே கருவியை வலியவன் கையிலும் பார்க்க வேண்டும்.

2011ஆம் ஆண்டு ஏப்ரலில், சிரியாவின் கடற்கரை நகரான பானியாஸ் அருகே உள்ள பைளா என்ற சிற்றூரில் எடுக்கப்பட்ட படக்காட்சி ஒன்று உலகெங்கும் பரவியது. ஊரின் திடலில் ஆண்கள் கைகள் பின்னே கட்டப்பட்டுக் குப்புறக் கிடத்தப்பட்டிருந்தனர். படையினர் அவர்கள் முதுகின் மேல் ஏறி மிதித்தனர். அம்மக்கள் தெருவில் வந்து கேட்டது 'ஹுர்ரிய்யத்', சுதந்திரம். அவ்வாண்டு அந்நாடெங்கும், அடித்தவர்கள் அடிக்கு அடி கேட்ட கேள்வியும் அதே சொல்லைக் கொண்டுதான் அமைந்தது: "சுதந்திரமா வேண்டும் உனக்கு? இதோ, வாங்கிக்கொள்!"

இதுவும் தஹக்கும்தான். இலக்கணப்படி குற்றமில்லாத ஏளனம். ஒரு சொல்லின் நற்பொருளைக் காட்டி எதிர்ப்பொருளைத் திணிப்பது. 'வைகறையின் விருந்தாளி' என்ற சொற்றொடர் எவ்வாறு கட்டப்பட்டதோ, அவ்வாறே இதுவும் கட்டப்பட்டது. ஆனால் ஒன்று மிதிபட்டவன் வாயிலிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. மற்றொன்று மிதிக்கிறவன் வாயிலிருந்து கீழ்நோக்கி விழுகிறது. முன்னதில் அச்சம் சற்றே தளர்கிறது. பின்னதில் அச்சம் பன்மடங்காகிறது. அணி இலக்கண ஆசிரியர்கள் தஹக்குமுக்குத் தரும் சான்றுகளுள் ஒன்று, திருமறையின் 44ஆம் அத்தியாயத்தில் நரகத்தில் வீழ்ந்த கொடியவனை அவன் பெருமை சொல்லியே இகழும் இடம். அது மறுமையின் நீதிபதி, தீர்ப்புக்குப் பின் உரைப்பது. முழங்கால் வரை காலணி அணிந்த ஒரு சிப்பாய், கட்டுண்டு கிடப்பவனிடம் அந்த மொழியைப் பேசினால், தனக்குரியதல்லாத ஆசனத்தில் அமர்ந்துவிட்டான் என்றே பொருள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டா என்று 49ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விலக்கியது, இத்தகைய பரிகாசத்தை அன்றோ?

ஆகவே ஏளனத்தின் அறத்தை அறிய, அதன் அழகைப் பார்த்துப் பயனில்லை. அது எத்திசையில் செல்கிறது என்று பார்க்க வேண்டும். இது முதல் அளவுகோல். இது ஒன்றே போதுமா? போதாது. மேல்நோக்கிச் செல்லும் ஏளனமும் எல்லா வேளையிலும் நேரியதன்று.

ஹிஜ்ரி 218இல், அதாவது கி.பி. 833இல், அப்பாஸிய கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை உலமாக்கள் ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என ஆணையிட்டார். மறுத்தோர் விலங்கிடப்பட்டனர். அக்காலத்தைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அறிஞர் ஒருவரை விசாரித்தபோது அவர் நான்கு விரல்களை நீட்டி, "தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன், இந்த நான்கும் படைக்கப்பட்டவையே" என்றாராம். அதிகாரி வேதங்களைச் சொல்கிறார் என்று எண்ணினான். அறிஞரோ தம் விரல்களைச் சொன்னார். அழகிய தவ்ரியா! பொய்யும் இல்லை, தண்டனையும் இல்லை.

இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களுக்கும் அவ்வழி திறந்தே இருந்தது. விரல் நீட்டும் அளவு அறிவு அவருக்கு இல்லாமல் இல்லை. அவர் அவ்வழியில் செல்லவில்லை. மஃமூனுக்குப் பின் வந்த முஃதஸிமின் முன்னிலையில் சாட்டையடி பட்டார். நண்பர் ஒருவர் உயிரைக் காத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தியபோது, வெளியே சென்று பார்த்து வருமாறு அவரிடம் இமாம் கூறினார் என்று வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. வெளியே மக்கள் திரள், கையில் தாளும் எழுதுகோலுமாக, அஹ்மத் என்ன சொல்கிறார் என்று எழுதிக்கொள்ளக் காத்திருந்தது. அவர் விரலைச் சொன்னாலும் அவர்கள் வேதத்தை என்றுதானே எழுதுவார்கள்?

இங்கு என் மாணவர் சொன்ன 'அழகிய கையெழுத்து' நினைவுக்கு வருகிறது. அன்று பக்தாதில் காத்திருந்தவை உண்மையை எழுதக் காத்திருந்த எழுதுகோல்கள். இவையோ உண்மை பேசியவனைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்தவை. ஓர் ஊரில் எவ்வகை எழுதுகோல் மிகுதி என்பதைப் பொறுத்தே, அவ்வூரில் மறைமொழி பேசுவது தகுமா என்பதும் அமையும் போலும்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் இவ்விரண்டு நிலைகளும் ஒருங்கே உள்ளன. சிலைகளை உடைத்தது யார் என்று கேட்டபோது, பெரிய சிலையைச் சுட்டி அதனிடமே கேளுங்கள் என்றது கூர்மையான ஏளனம். கேட்டவர்கள் தலைகுனிந்தார்கள். அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. அடுத்த கணமே, பயனும் தீங்கும் செய்ய இயலாதவற்றை வணங்குவது அறிவா என்று வெளிப்படையாகக் கேட்டார். நெருப்பு மூட்டப்பட்டது ஏளனத்துக்குப் பின் வந்த அந்த நேர்மொழிக்குப் பிறகுதான். ஏளனம் கதவைத் திறந்தது; திறந்த கதவின் வழியே அவர் உள்ளே நடந்தார்.

சிரியாவிலும் அப்படி ஒரு நாள் வந்தது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தர்ஆ நகரில் பள்ளிச் சிறுவர் சிலர் பள்ளிச் சுவரில், "உமது முறை வந்துவிட்டது, டாக்டரே" என்று எழுதினார்கள். அதிபர் பஷ்ஷார் அல் அஸத் கண் மருத்துவம் பயின்றவர். துனீசியாவிலும் எகிப்திலும் ஆட்சியாளர்கள் வீழ்ந்திருந்த வேளை அது. அரை நூற்றாண்டுக் காலம் காது மட்டுமே பெற்றிருந்த சுவர் அன்று வாய் திறந்தது. சிறுவர்கள் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். அவர்களுக்காக மக்கள் தெருவில் இறங்கினர். அதுவரை பெயர் குறிக்காத உருவங்களையே பெரும்பாலும் வரைந்துவந்த கேலிச் சித்திரக்காரர் அலி ஃபர்ஸாத்தும், அதிபரையே வரையத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் டமாஸ்கஸில் முகமூடி அணிந்தோர் அவரைத் தாக்கி, அவருடைய கைகளை முறித்தனர். ஜாடை பேசிய காலத்தில் அக்கைகள் தப்பியிருந்தன. நேரே பேசிய பிறகு முறிந்தன. நேர்மொழியின் விலையை அறியாமல் அதனைப் பிறருக்கு உபதேசிப்பது எளிது. ஆகவே இதனைச் சொல்லி வைத்தேன்.

இனி என் குறையையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் இக்கட்டுரையும் சுவரோரம் நடந்ததாகிவிடும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு மதரஸாவில் ஆசிரியனாக இருந்தேன். அங்கே நிர்வாகத்தில் இருந்த ஒருவர், மாணவர் உணவுக்கென வந்த நன்கொடைக்குக் கணக்குக் காட்டுவதில்லை. ஆசிரியர்கள் அனைவரும் அறிவோம். அஸர் தொழுகைக்குப் பின் தேநீர் அருந்தும்போது அவரைப் பற்றிப் பேசுவோம். நேராக அன்று, அது நமக்கு அழகா? அவருக்கு ஹாத்திம் தாயீ என்று பெயர் வைத்திருந்தோம். கொடைக்குப் பெயர் பெற்ற அவ்வள்ளலின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாளுக்கொரு கினாயா, வேளைக்கொரு தவ்ரியா. உண்மையைச் சொல்லிவிட்ட மனநிறைவோடு எழுந்து செல்வோம்.

எங்களுள் இளைய ஆசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கமாட்டார். ஒருநாள் அவர் கூட்டத்தில் எழுந்து, மரியாதையோடு, "கணக்கைப் படித்துக் காட்டினால் நன்றாயிருக்கும்" என்றார். ஒரே ஒரு வாக்கியம். அதில் எந்த அணியும் இல்லை. அடுத்த மாதம் அவர் வேலையில் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடைபெற வந்தவரிடம் நான் ஏதோ ஆறுதல் கூறி, "நாங்களும் நாள்தோறும் பேசிக்கொண்டுதானே இருந்தோம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஹஜ்ரத், தாங்கள் பேசிய கினாயாவை விளங்கிக்கொள்ள அவருக்கு அரபு தெரியாதே" என்றார்.

அன்று எங்கள் கதவை வைகறையில் தட்ட யாருமில்லை. சூரியனுக்குப் பின்னால் எவரும் எங்களை அனுப்பியிருக்க முடியாது. போயிருக்கக் கூடியது ஒரு மாதச் சம்பளம். அல்லது வேறொரு மதரஸாவில் இடம் தேடும் சிரமம். ஆசிரியர்கள் ஆறு பேரும் சேர்ந்து எழுந்திருந்தால், அதுவும் போயிருக்காது. டமாஸ்கஸ் மக்களுக்கு வாள் கற்பித்த மொழியை, வாள் இல்லாத இடத்தில் நாங்கள் சுகத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் ஏளனமும் மேல்நோக்கியே சென்றது. ஆனால் போய்ச் சேரவில்லை. சேரக்கூடாது என்றுதான் அதனை அவ்வாறு செய்திருந்தோம்.

இதிலிருந்து இரண்டாவது அளவுகோலைக் கற்றேன். ஃபிக்ஹு நூல்கள் அஸீமத் என்றும் ருக்ஸத் என்றும் இரண்டைச் சொல்கின்றன. முன்னது மூலக் கடமை. பின்னது இடர்ப்பாட்டில் கிடைக்கும் சலுகை. தண்ணீர் கிடையாதவனுக்குத் தயம்மும் அனுமதிக்கப்பட்டது. அவன் மண்ணைத் தடவித் தொழுத தொழுகை முழுமையான தொழுகையே; அவனை இகழ எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தண்ணீர் அருகிருக்க, எழுந்து செல்லச் சோம்பி மண்ணைத் தடவியவனுக்குத் தொழுகையே இல்லை. ஜாடைமொழி நாவின் தயம்மும். அச்சுறுத்தப்பட்டவனுக்கு அது தூய்மை தரும். அச்சமற்ற இடத்தில் இருப்பவனுக்கு அது வெறும் புழுதி. கொடிய அரசன் முன் கூறும் நீதிச் சொல்லை மேலான அறப்போர்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போற்றியதை மேடைதோறும் சொல்கிறோம். கொடியவனும் அரசனும் அல்லாத ஒரு நிர்வாகியின் முன் கூறவேண்டிய எளிய சொல்லை விழுங்கிவிட்டு, வெளியே வந்து சிரிக்கிறோம்.

என் மாணவர் மேலும் ஒன்று சொன்னார். அந்த மூத்த சிரியரின் அண்ணன், 1980களில் 'காலா வீட்டுக்கு'ப் போனவர். கேட்பவரிடமெல்லாம் அவ்வாறே சொல்லிச் சொல்லி, அவர்களுடைய தாய் இறந்தும் போனார். 2024 டிசம்பர் 8 அன்று அஸத் ஆட்சி வீழ்ந்து, ஸைத்னாயா முதலிய சிறைகளின் கதவுகள் திறக்கப்பட்டபோது, பெரியவர் இரவு பகலாகக் கைப்பேசியில் பெயர்ப் பட்டியல்களைத் தேடினார். அண்ணன் பெயர் எதிலும் இல்லை. நான்காம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டு, மாவு பிசையும் மேசையருகே நின்று, "என் அண்ணனைச் சிறையில் கொன்றுவிட்டார்கள்" என்றாராம். நாற்பதாண்டுகளில் முதன்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கத்தால், தோளுக்குப் பின்னே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போது யாரும் சிரிக்கவில்லை, ஹஜ்ரத்" என்றார் மாணவர்.

தண்ணீர் கிடைத்துவிட்டது அவருக்கு. காலம் கடந்து, ஒரு கையளவே கிடைத்தது; ஆயினும் உடனே மண்ணை உதறிவிட்டார். நமக்கோ நம் ஊர்க் கூட்டத்திலும், ஜமாஅத்திலும், குடும்பத்திலும் குளமே பக்கத்தில் இருக்கிறது.

அந்த இளைய ஆசிரியர் இப்போது எங்கிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்டால் அவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். அதில் எந்த அணியும் இல்லை.